ஆண்ட்வெர்ப்பில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் புதிய அலுவலகம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது என்று நீ சொன்ன நாளிலிருந்து, அந்தத் துறைமுகத்தைப் பற்றி உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் இயக்கி உங்களைப் படிக்க வைத்தவன் நான். அதனால்தானோ என்னவோ, இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் படித்தவற்றுள், 1944 செப்டம்பரில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் மக்கள் செய்த காரியமே என் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்திருக்கிறது.

பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகள் ஆகஸ்ட் முடிவதற்குள் பெல்ஜியத்தை நெருங்கிவிட்டன. ஆனால் அவற்றுக்கான எரிபொருளும் உணவும் குண்டுகளும் நார்மண்டியிலிருந்தே லாரிகளில் வரவேண்டியிருந்தது. அங்கிருந்த ஷெர்பூர்க் துறைமுகத்தை ஜெர்மானியர்கள் சரணடையும் முன் சிதைத்துவிட்டிருந்தார்கள். ஆண்ட்வெர்ப்புக்கும் அதே கதிதான் காத்திருந்தது.

பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆண்ட்வெர்ப் செல்லும் சாலை, பூம் என்ற ஊரில் ரூப்பெல் ஆற்றைக் கடக்கிறது. அங்கிருந்த பாலங்களில் வெடி வைக்கப்பட்டிருந்தது. ராபர்ட் வேகமன்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர், அந்தப் பாலங்களையும் காவல் ஏற்பாடுகளையும் முன்கூட்டியே நோட்டமிட்டு வைத்திருந்தார். செப்டம்பர் 4 காலை, பிரெண்டோங்க் அருகே சாலையோரம் காத்திருந்து, சாதாரண உடையிலேயே பிரிட்டிஷ் டாங்கிகளை நிறுத்தினார். நேரே போனால் பாலம் உங்கள் கண்முன்னே தகர்க்கப்படும், பக்கத்தில் இருக்கும் பழைய பாலத்தின் வழியாக அக்கரை சேர்ந்து பின்புறமிருந்து வாருங்கள் என்று சொல்லி, தானே வழிகாட்டினார். முன்பின் அறியாத ஒருவர் எதிரியின் ஆளாகவும் இருக்கலாம் என்ற நிலையில், டாங்கிகளை நடத்தி வந்த பிரிட்டிஷ் அதிகாரி அவரை நம்பியதையும் நான் பெரிதாகவே மதிக்கிறேன். ரூப்பெல் பாலம் சேதமின்றிக் கைக்கு வந்தது. பிரிட்டனின் 11ஆம் கவச டிவிஷன் என்ற டாங்கிப் படை அன்றே ஆண்ட்வெர்ப்புக்குள் நுழைந்தது.

துறைமுகத்திற்குள் நடந்ததை நீ இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கே ஷெல்ட் ஆற்றில் ஓதம் ஏறி இறங்கினாலும் கப்பல்கள் நிற்கும் டாக்குகளுக்குள் நீர்மட்டம் மாறாமல் வைத்திருப்பவை லாக் கேட்டுகள் எனப்படும் மதகுக் கதவுகளே. அவற்றைத் தகர்த்துவிட்டால், ஆறு வற்றும் நேரத்தில் டாக்கிலுள்ள நீரும் இறங்கி, கப்பல்கள் சேற்றில் தட்டி நிற்கும். எத்தனை கிரேன் இருந்தாலும் பயனில்லை. எதைக் காத்தால் துறைமுகம் பிழைக்கும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அரசியலில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத, ஜெர்மானிய ஆக்கிரமிப்பை மறைவாக எதிர்த்துவந்த குழுக்கள் ஊர்பான் ரெய்னியர்ஸ் தலைமையில் ஒன்றுசேர்ந்திருந்தன. துறைமுகப் பகுதியில் யூஜின் கோல்சன் குழுவினரை நடத்தினார். லாக்குகளையும் மற்ற முக்கிய இடங்களையும் அவர்கள் பிடித்துக் காத்ததால், துறைமுகம் ஏறக்குறைய முழுமையாகவே நேச நாட்டினர் கைக்கு வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. நகரின் வடக்கே இருக்கும் ஆல்பர்ட் கால்வாயின் பாலங்களை உடனே கடந்துவிடுங்கள் என்று கோல்சன் வற்புறுத்தியும் படை நின்றுவிட்டது. வீரர்கள் களைத்திருந்தார்கள், கடக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவும் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும், காலையில் உள்ளூர்க்காரர் ஒருவரின் சொல்லைக் கேட்டதால் ஊருக்குள் வந்தவர்கள், மாலையில் இன்னொரு உள்ளூர்க்காரரின் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அந்த இடைவெளியில் ஜெர்மானியர்கள் பாலங்களைத் தகர்த்தார்கள். கால்வாய்க்கு அப்பால் இருந்த மெர்க்செம் என்ற ஊர், ஏறக்குறைய நான்கு வாரம் எதிரியிடமே இருந்தது. கடலுக்குச் செல்லும் ஷெல்ட் முகத்துவாரமும் ஜெர்மானியர் பிடியிலேயே கிடந்தது. அதை மீட்கக் கனடா வீரர்களும் மற்றவர்களும் பெரும் விலை கொடுத்த பிறகு, நவம்பர் 28 அன்றுதான் முதல் கப்பல் அணி துறைமுகத்திற்குள் வந்தது.

தாங்கள் காத்த துறைமுகத்துக்காகவே அந்த நகரத்து மக்கள் அடியும் வாங்கினார்கள். அதை முடக்குவதற்காக ஜெர்மானியர்கள் ஏவிய வி-1 பறக்கும் குண்டுகளும் வி-2 ராக்கெட்டுகளும் மாதக்கணக்கில் வந்து விழுந்தன. டிசம்பர் 16 அன்று ரெக்ஸ் திரையரங்கில் விழுந்த ஒரே வி-2, படம் பார்த்துக்கொண்டிருந்த 567 பேரைக் கொன்றது. அப்படியிருந்தும் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை நிற்கவில்லை.

விடுமுறை கிடைக்கும்போது பூம் வரை போய், அந்தப் பாலம் இருந்த இடத்தைப் பார்த்து வா. உன்னுடன் வேலை செய்பவர்களில் மெர்க்செம்மைப் பூர்விகமாகக் கொண்டவர்கள் யாரேனும் இருந்தால், அந்த நான்கு வாரங்களைப் பற்றி அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா