இருபது நிமிடத் தூக்கம்

லோரியான்,
பிரான்ஸ்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாட்களாகின்றன. இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்கு இரண்டு மணி மட்டுமல்ல. இரண்டு இருபது, இரண்டு நாற்பது, மூன்று மணி எல்லாமே பழக்கம். மாடியில் குடியிருக்கும் பெண் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்க வைத்துக்கொண்டு தூங்கப் பழகுகிறாள். அந்த மணிக்கு அவள் எழுகிறாளோ இல்லையோ, கீழே நான் எழுந்துவிடுகிறேன்.

என் மனைவி போன பிறகு மாடி அறை பூட்டியே கிடந்தது. போன ஆண்டு துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வாடகைக்குக் கேட்டு வந்தாள். இருபத்து மூன்று வயது. படகுப் பாய் தைக்கும் பட்டறையில் பாதி நாள் வேலை. மீதி நாள் கடல். தனி ஆளாகப் பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடக்கும் மினி திரான்சாத் பந்தயத்துக்குத் தயாராகிறாள். 1977-இல் தொடங்கிய பந்தயம், ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும். இவள் குறி 2027. பிரான்ஸ் கரையிலிருந்து கேனரி தீவுகள், அங்கிருந்து கரீபியன் தீவான குவாதலூப். மொத்தம் ஏறக்குறைய 4,000 கடல் மைல்.

படகின் நீளம் எவ்வளவு தெரியுமா? ஆறரை மீட்டர். வீராம்பட்டினத்தில் கரையேற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளைவிடச் சிறியது. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. கைப்பேசி கூடாது, கணினி கூடாது, திரையில் வரைபடம் கூடாது. இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் எண்ணாகச் சொல்லும். அதைக் காகித வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். வானிலை நாளுக்கு ஒருமுறை வானொலியில் வரும், கொரகொரவென்று. உன் அப்பாவுக்கு அதுகூடத் தேவைப்பட்டதில்லை. வாடையா, கொண்டலா, கச்சானா என்று கன்னத்தில் பட்டதும் சொல்லிவிடுவார். அவரைப் பற்றி இவளிடம் சொன்னேன். ஒவ்வொரு காற்றின் பெயரையும் பிரெஞ்சு எழுத்தில் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

பாயை எப்படிக் கட்டுவது, சுக்கானை எப்படிப் பிடிப்பது என்பதுதான் பயிற்சி என்று நான் நினைத்திருந்தேன். அதெல்லாம் இந்தப் பிள்ளைகள் பத்து வயதிலேயே முடித்துவிடுகிறார்கள். இப்போது படிக்கும் பாடம் தூக்கம். ஏன் இருபது நிமிடம் என்று கேட்டேன். சமையல் மேசையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உருட்டிக் காட்டினாள். தாழ்ந்த படகில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தொடுவானம் சில மைல்களில் முடிந்துவிடுகிறது. சுற்றிலும் ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால், தொடுவானத்துக்கு அப்பாலிருந்து ஒரு சரக்குக் கப்பல் தலைக்கு மேல் வந்து நிற்க ஏறக்குறைய அந்த நேரம் போதும். கப்பல்களைக் காட்டும் கருவி உண்டு, சுக்கானைப் பிடித்துக்கொள்ளும் கருவியும் உண்டு. ஆனால் மின்சாரம் சூரியத் தகடு தந்தால்தான். வானம் மூடிக்கொண்டால் கையே துணை.

கிளாடியோ ஸ்டாம்பி என்ற இத்தாலிய மருத்துவர் தனிப்படகோட்டிகளின் தூக்கத்தையே ஆராய்ந்தவர். நீட்டிப் படுப்பவர்களைவிடத் துண்டு துண்டாகத் தூங்குபவர்கள் பந்தயங்களில் முன்னால் வந்ததைக் கண்டவர். இங்கே பயிற்றுநர்கள் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள்: கண் எந்த நேரத்தில் தானாகச் செருகுகிறது என்று குறித்து வை, அந்த நேரத்தில் படு, மற்ற நேரத்தில் படுத்து வீணாக்காதே. உனக்கு ஆகுமா என்று உன் மருத்துவரைக் கேள். நான் பொறுப்பல்ல.

போன இலையுதிர் காலத்தில் பிஸ்கே வளைகுடாவில் இரண்டாம் இரவு, மணிப் பெட்டி நனைந்த சட்டைக்கு அடியில் போய்விட்டது. ஐம்பது நிமிடம் தூங்கியிருக்கிறாள். எழுந்தபோது கப்பல் ஒன்றின் பச்சை, சிவப்பு விளக்குகள் இரண்டும் தெரிந்தன. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது நம்மை நோக்கி வருகிறது என்று பொருளாமே. சுக்கானைத் திருப்பித் தப்பித்தாள். அதற்குப் பிறகுதான் இந்த வீட்டில் மணி ஓசை.

இன்னொரு வேடிக்கை கேள். காற்று பக்கம் மாறும்போதெல்லாம் படகுக்குள் இருக்கும் தண்ணீர்க் குப்பி, உணவு மூட்டை, மாற்றுப் பாய், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் தவழ்ந்தபடியே காற்று வரும் பக்கத்துக்கு இழுத்துப் போட வேண்டும். பாரம் அந்தப் பக்கம் இருந்தால் படகு சாயாமல் விரையும். மத்தோசாஜ் என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு இரவில் நான்கைந்து முறை வீடு மாற்றுவது போல. புதுச்சேரியில் நாம் வாடகை வீடு மாறிய காலத்தில் இந்தப் பெண் இருந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

இவளுக்கு என் பங்கு சமையல். உறைய வைத்து உலர்த்திய உணவுப் பொட்டலங்களைத்தான் கொண்டுபோகிறார்கள். ஒன்றைத் தின்று பார்த்தேன், அட்டைப்பெட்டியை ஊற வைத்தது போலிருந்தது. நாற்பது ஆண்டு பள்ளி உணவகத்தில் சமைத்தவன் இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? ரவையை வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சிப் பொடி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, கொதிநீர் ஊற்றி மூடினால் உப்புமாவாகும்படி செய்து கொடுத்தேன். பருப்புப் பொடியும் கொடுத்தேன். அவள் முதலில் ருசி பார்க்கவில்லை, தராசில் வைத்தாள்! பிறகு, "முசே, கப்பலே அசையாவிட்டாலும் இதை நான் சாப்பிடுவேன்" என்றாள். எலுமிச்சை ஊறுகாயை மட்டும் கண்ணாடிப் புட்டி என்பதால் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நீ அனுப்பிய செய்தித்தாள் துண்டைக் காட்டினேன். நம் புதுச்சேரிப் பெண் ரூபாவும் கோழிக்கோட்டுத் தில்னாவும் கடற்படையின் தாரிணி படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பியதை மொழிபெயர்த்துச் சொன்னேன். கண்ணை அகல விரித்துக் கேட்டாள். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான்: "இரண்டு பேரா? அப்படியானால் ஒருத்தி தூங்கலாம்!" அபிலாஷ் டோமியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலகைத் தனியாகச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில் இந்தியப் பெருங்கடலில் முதுகு முறிந்து கிடந்தவரை ஒரு பிரெஞ்சு மீன்வளக் கப்பல் மீட்டது. அடுத்த பந்தயத்தில் அதே மனிதர் இரண்டாவதாக வந்தார். கரையில் அவர் பெயரைச் சொன்னால் தொப்பியைக் கழற்றுகிறார்கள்.

பிரெஞ்சுப் படகோட்டி எரிக் தபார்லி பெயருக்கும் அப்படித்தான். 1964-இல் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்து வென்றவர். 1998-இல் ஐரியக் கடலில், இரவில், தன் சொந்தப் படகிலிருந்து தவறி விழுந்து போனார். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இல்லை. இந்தப் பெண் குளியலறைக்குப் போகும்போதும் கயிற்றைக் கொக்கியில் மாட்டுவது போல கையை அசைக்கிறாள். அனிச்சையாக வரவேண்டுமாம்.

நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவை ஒருநாள் சொன்னேன். லோரியான் என்றாலே கிழக்கு. 1666-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிறந்த ஊர்; புதுச்சேரித் துணியும் மிளகும் வந்திறங்கிய துறை. 1943 குண்டுவீச்சில் ஊரே தரைமட்டமானது. ஜெர்மானியர்கள் கட்டிய நீர்மூழ்கித் தளத்தின் கான்கிரீட் மட்டும் அசையவில்லை. இன்று பந்தயப் படகுகள் நிற்பது அந்தக் கான்கிரீட்டின் நிழலில்தான். புதுச்சேரியிலிருந்து கப்பல் வர எத்தனை மாதம் ஆனது என்று கேட்டாள். ஆறு மாதம், சில நேரம் அதற்கும் மேல் என்றேன். "தூங்கியிருப்பார்கள், நிறையப் பேர் இருந்திருப்பார்கள்" என்றாள். எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கிறாள்.

பணம்தான் பெரிய அலை. படகு வாடகைக்கு எடுத்தது. பாயில் பெயர் எழுத இடம் தருகிறேன் என்று அறுபது கம்பெனிகளுக்கு எழுதினாள். மூன்று பதில், இரண்டு மறுப்பு. மூன்றாவது ஒரு ரொட்டிக் கடை: பணம் இல்லை, ரொட்டி தருகிறோம் என்றார்கள். ரொட்டி ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும் என்பது கடைக்காரருக்குத் தெரியாதா என்ன! இருந்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

போன வியாழன் அவள் தகுதிப் பயணத்துக்குக் கிளம்பிவிட்டாள். பந்தயத்தில் சேர வேண்டுமானால் எங்கும் நிற்காமல் 1,000 மைல் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும். மேலே அயர்லாந்துக் கரைவரை போய்த் திரும்பி, தெற்கே ரே தீவுப் பக்கம் இறங்கி வர வேண்டும். எட்டு, பத்து நாள் ஆகும். துறைமுகச் சுவர்வரை போய் வழியனுப்பினேன். அவளுடைய அப்பாவும் வந்திருந்தார். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பாய் மறையும்வரை நின்றுவிட்டுக் காப்பி குடித்தோம்.

இப்போது வீட்டில் மணி அடிப்பதில்லை. நேற்று இரவு ஒன்று இருபதுக்கு எழுந்தேன். பிறகு ஒன்று நாற்பதுக்கு. ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன். மேற்கு. நம் கச்சான்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பழைய பாலம் சரிந்த பிறகு சாயங்காலம் எங்கே உட்காருகிறாய்? தங்கையிடம் சொல்லிக் கொஞ்சம் கறிவேப்பிலைப் பொடியும் சுண்டைக்காய் வற்றலும் அனுப்பு. பிளாஸ்டிக் உறையில் போடச் சொல், புட்டி வேண்டாம். எடையை உறைமேல் எழுதிவிடச் சொல்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்