எந்தக் கிளினிக்குக்குப் போவது? தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோட்ட நிர்வாகி அவர்களுக்கும் தலைமை அலுவலக அதிகாரிகளுக்கும்,

வணக்கம். இந்தச் செம்பனைத் தோட்டத்தில் பதினோரு ஆண்டுகளாக உதிரிப்பழம் பொறுக்குகிறேன். என் கணவர் பத்தொன்பது ஆண்டுகளாகக் குலை வெட்டுகிறார். சென்ற மாதம் அவர் பிழைத்து வந்தது பெரும்பாடு. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவருக்குக் காய்ச்சல் கண்டது. விடிந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். போய் மருந்து வாங்கி வாருங்கள் என்றேன். "எங்கே போகச் சொல்கிறாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அரசாங்கக் கிளினிக் நான்கு கிலோமீட்டர். ஒரு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கட்டினால் டாக்டரும் பார்ப்பார், இரத்தமும் எடுப்பார்கள், மருந்தும் கிடைக்கும். ஆனால் அங்கே கொடுக்கும் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்றிதழ் தோட்டத்து அலுவலகத்தில் செல்லாது. போன ஆண்டு பக்கத்து லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) தம்பி ஒருவர் அந்த எம்.சி.யைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று நாள் சம்பளம் வெட்டுப்பட்டது. கம்பெனி நியமித்த பேனல் கிளினிக் பட்டணத்தில், இருபத்து மூன்று கிலோமீட்டர் தள்ளி. காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு பஸ், அதுவும் வந்தால்தான் உண்டு. காய்ச்சலோடு மோட்டார் சைக்கிளில் போகலாமென்றால் பெருஞ்சாலை முழுக்கப் பழம் ஏற்றும் லாரிகள். வாடகைக் காருக்கு நாற்பது வெள்ளி. என் அண்ணனின் கார் புதன்கிழமைதான் கிடைக்கும்.

அரசாங்கக் கிளினிக்கில் அரை நாள் காத்திருந்தாலும் எம்.சி.க்காக மறுபடி பட்டணத்துக்கு ஓடத்தான் வேண்டும், அதற்குப் புதன்கிழமை ஒரேயடியாகப் பேனலுக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தார். திங்களும் செவ்வாயும் பனடோலிலும் ரசத்திலும் கழிந்தன. எந்த நோய்க்கு எந்தக் கிளினிக் என்று நாங்கள் யோசிக்கவில்லை, ஐயா. எந்தக் கிளினிக்கின் காகிதம் செல்லும் என்றுதான் யோசித்தோம்.

புதன்கிழமை பேனல் டாக்டர் நன்றாகவே பார்த்தார். அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. இரத்தம் எடுத்தார், டிங்கி (டெங்கு) என்றார், இரண்டு நாள் எம்.சி. கொடுத்தார். "தினமும் வந்து இரத்தம் பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வராமல் இருந்துவிடாதீர்கள்" என்று இரண்டு முறை சொன்னார். தினமும் இருபத்து மூன்று கிலோமீட்டர் போக, இருபத்து மூன்று கிலோமீட்டர் வர, எங்களுக்கு வண்டி ஏது?

வியாழக்கிழமை இரவு காய்ச்சல் விட்டது. வியர்த்து, இரண்டு வாய் கஞ்சி குடித்தார். மாரியம்மனுக்கு விளக்கேற்றினேன். டிங்கியில் ஆபத்தே அங்கேதான் தொடங்குகிறது என்பதை மருத்துவமனையில்தான் தெரிந்துகொண்டேன். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, அது இறங்கும் நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும்; இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் சரியும். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் இரத்தம், எழுந்து நிற்க முடியாத சோர்வு, இவற்றில் எது கண்டாலும் உடனே ஓட வேண்டும். இது தெரியாமல், எம்.சி. முடிந்துவிட்டதே என்று வெள்ளிக்கிழமை விடியற்காலை அவர் அரிவாளைக் கோலில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். பத்து மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு செம்பனை அடியிலேயே வாந்தி எடுத்தார். பங்களாதேஷ் தம்பி ஒருவர்தான் அவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அந்த ஒரு வெள்ளிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். தட்டணு முப்பத்தெட்டாயிரம். குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டுமாம். ஆம்புலன்ஸ் வைத்துத் தெலுக் இந்தான் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஐந்து நாள் படுக்கை. அங்கிருந்த தாதியரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

திரும்பி வந்து சம்பளச் சீட்டைப் பார்த்தால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வெட்டு. காரணம், எம்.சி. இல்லை.

நான் ஐந்தாம் படிவம் வரை படித்தவள். 1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தின் 60எஃப் பிரிவை எழுத்துக் கூட்டியாவது படித்துப் பார்த்தேன். முதலாளி நியமித்த டாக்டரிடம் போக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்த டாக்டரை நியாயமான நேரத்திலோ தூரத்திலோ பெற முடியாவிட்டால், பதிவு பெற்ற வேறு டாக்டரோ அரசாங்க மருத்துவ அதிகாரியோ தரும் சான்றிதழும் செல்லும் என்று அதே பிரிவு சொல்கிறது. விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். என் கணவரைப்போல ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்ந்தால் 60 நாள். 2023 முதல் அது அந்த 22 நாளில் சேராத தனிக் கணக்கு. இவையெல்லாம் சட்டத்தில் இருக்கும்போது, நடக்க முடியாத மனிதர் பஸ் வராத சாலையில் இருபத்து மூன்று கிலோமீட்டர் போவது எந்த வகையில் நியாயமான தூரம்?

என் பாட்டி காலத்தில் தோட்டத்திலேயே டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தாராம். காய்ச்சல் என்று தெரிந்தால் மருந்துப் பெட்டியோடு லயத்துக்கே வந்து, நாக்கை நீட்டச் சொல்வாராம். அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன், பாட்டியே சொல்லமாட்டார். ஆனால் எங்கே போவது என்ற கேள்வி மட்டும் அன்றைக்கு இல்லை.

வெளிநாட்டுத் தொழிலாளர்களின் நிலை இன்னும் மோசம். அரசாங்கக் கிளினிக்கில் அவர்களுக்குக் கட்டணம் எங்களைவிடப் பல மடங்கு. என் கணவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த தம்பிக்கு நாளை காய்ச்சல் வந்தால் அவர் அறைக்குள் சுருண்டு படுப்பாரே தவிர, எங்கும் போகமாட்டார்.

அரசாங்கக் கிளினிக்கின் எம்.சி.யை அலுவலகம் ஏற்கும் என்று எழுதிக் கையொப்பமிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அந்தக் கிளினிக் மூடியிருக்கும் சனி, ஞாயிறுகளிலும் இரவிலும் நோயாளியைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகத் தோட்டத்து வேனை விடுங்கள். அதன் சாவி யாரிடம் இருக்கும் என்று எல்லா லயத்துக்கும் தெரியட்டும். என் கணவரின் இரண்டு நாள் சம்பளத்தைத் திருப்பிக் கொடுங்கள். லயத்துக்குப் பின்னால் மழைநீர் தேங்கி, டிங்கிக் கொசு பெருகக் கிடக்கும் பழைய டயர்களை அள்ளிப்போக இந்த வாரமே ஒரு லாரி அனுப்புங்கள். நாங்களே ஏற்றிவிடுகிறோம்.

வரும் திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்புகிறார். அன்று காலைப் பெரட்டில் அந்த அறிவிப்பை மண்டோர் (கங்காணி) மலாயிலும் தமிழிலும் வாசிக்கட்டும். வங்காளத்தில் சொல்ல அந்தத் தம்பி இருக்கிறார்.

இப்படிக்கு,
மூன்றாம் லயத்திலிருந்து ஒரு தொழிலாளி