ஸ்ரெபிலைசர் வாங்குமுன்: மோட்டார்ஹோம் ரோட்டில் நேராக நிற்க என்ன செய்யலாம்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விக்ரோரியா நாள் நீண்ட வார இறுதி நெருங்குகிறது. குளிர்காலம் முழுக்க மூடிவைத்த மோட்டார்ஹோம்களை வெளியே எடுக்கும் இந்த நாட்களில்தான் ஒரே கேள்வி எங்கள் கராஜுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது: "401 நெடுஞ்சாலையிலே வாகனம் நேரா நிக்குதில்லை, ஸ்ரியரிங் ஸ்ரெபிலைசர் ஒண்டு பூட்டித் தருவீங்களோ?" ஸ்ரியரிங்கின் ஆட்டத்தை அடக்கும் இந்தத் தண்டைப் பூட்டித் தரலாம். ஆனால் அதை முதல் வேலையாகச் செய்ய வேண்டாம் என்றுதான் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறோம். நிறை, ரயர்க் காற்று, முன்சில்லின் கோணம் மூன்றும் பிழைத்த வாகனத்தில் ஸ்ரெபிலைசரைப் பூட்டினால் கைவலி கொஞ்சம் குறையும், வருத்தம் அப்படியே இருக்கும். உங்களில் பெரும்பாலானோரிடம் இருப்பது முன்கூண்டுக்கு மேலே படுக்கை வைத்து, ஃபோர்ட் ஈ-450 சேசியில் (அடிச்சட்டத்தில்) கட்டிய வாகனம். கீழே வரும் கணக்குகள் அதற்குரியவை.

முதலில், "ஆடுது" என்று சொல்வது எந்த ஆட்டம் என்று பிரித்துப் பாருங்கள். காற்றில்லாத நாளில், நேர்ரோட்டில், ஓயாமல் இடமும் வலமுமாகச் சின்னச் சின்னத் திருத்தம் செய்ய வேண்டியிருந்தால் அது அலைச்சல். ரயர்க் காற்று, காஸ்ரர் எனப்படும் முன்சில்லுச் சாய்வு, ஸ்ரியரிங் தேய்மானம், முன்பாரக் குறைவு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ காரணம். பெரிய லொறி முந்தும்போது பின்பக்கம் முதலில் தள்ளுப்பட்டு, பிறகு முன்பக்கம் திசைமாறினால் அது பின் அச்சின் பக்கவாட்டு அசைவு. எரிபொருள் நிலையத்து வாசலில் ஏறும்போது அலுமாரிக் கதவுகள் திறக்கும் அளவுக்குச் சரிந்தால் அது உடற்சரிவு. பிறேக் பிடிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் பிறேக்கையும், முன் அச்சைச் சேசியோடு பிடிக்கும் றேடியஸ் ஆமின் றப்பர் புஷ்ஷையும் பார்க்க வேண்டும். இந்த நாலுக்கும் மருந்து வேறு வேறு.

எதற்கும் முன்னர் வாகனத்தைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நெடுஞ்சாலையோர லொறித் தரிப்பிடங்களில் உள்ள பொதுத் தராசுகளில் முன் அச்சு, பின் அச்சு இரண்டின் நிறையும் ஒரே தடவையில் தனித்தனியாகத் துண்டில் வரும். வெறும் வாகனத்தைக் கொண்டுபோய்ப் பயனில்லை. பயணத்துக்குப் போவதுபோல் தண்ணீர், புரொப்பேன், எரிபொருள், சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும் போங்கள். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் துண்டில் உங்கள் வாகனத்துக்கான உச்ச அளவுகள் இருக்கும். அண்மைக்கால ஈ-450இல் மொத்தம் 14,500 இறாத்தல், முன் அச்சு 5,000 இறாத்தல்.

பலரும் மொத்த நிறையைப் பார்த்துவிட்டுத் துண்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஸ்ரியரிங்குக்கு முக்கியம் முன் அச்சின் பங்கு. இந்த வாகனங்களில் பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி பெரிது. அங்கே வைக்கும் பாரம் பின் அச்சை அழுத்துவதோடு நிற்காமல், துலாபோல முன்பக்கத்தைத் தூக்கும். அச்சுகளுக்கிடையே 200 அங்குலம் உள்ள வாகனத்தில், பின் அச்சுக்கு 120 அங்குலம் பின்னால் 200 இறாத்தல் நிறையுள்ள சைக்கிள் தாங்கியும் சைக்கிள்களும் தொங்கினால், முன் அச்சிலிருந்து 120 இறாத்தல் கழன்றுவிடும். பின் அச்சிலோ 320 இறாத்தல் கூடும். அதேபோல 150 லீற்றர் தண்ணீர் என்பது 150 கிலோ, அதாவது 330 இறாத்தல். தொட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, பின்கோடியில் இருந்தால் முகாம் வாசலில் நிரப்பிக்கொள்ளுங்கள். கருவிப்பெட்டி, தகரப்பேணிச் சாப்பாடு, அரிசி மூட்டை போன்ற பாரமான சாமான்களை அச்சுகளுக்கு இடையில் உள்ள கீழ்ப்பெட்டிகளுக்கு மாற்றுங்கள். முன் அச்சின் பங்கு மொத்தத்தில் கால்வாசியை நெருங்கினால், பாரத்தை நகர்த்தாமல் வேறு எதைப் பூட்டினாலும் பெரிய பலன் இருக்காது என்பது எங்கள் கணிப்பு.

நிறை தெரிந்த பிறகுதான் காற்றின் கதை. ரயர் பக்கத்தில் எழுதியிருக்கும் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), அந்த ரயர் தன் உச்சப் பாரத்தைச் சுமக்கத் தேவையான காற்று. எல்லாச் சில்லுக்கும் அதையே அடித்துவிட்டால் பாரம் குறைந்த முன்சில்லு கல்லுப்போல இறுகி, நடுப்பகுதி மட்டும் ரோட்டில் படும். லொறிகள் பதித்த ஒவ்வொரு தடமும் ஸ்ரியரிங்கில் தெரியும். ஈ-450இல் வழமையாக இருக்கும் எல்ரி225/75ஆர்16 அளவு, ஈ பாரத் தர ரயரின் பார அட்டவணைப்படி, தனிச் சில்லாக 65 பிஎஸ்ஐயில் 2,335 இறாத்தலும் 80இல் 2,680 இறாத்தலும் தாங்கும். பின்பக்கம்போல் இரட்டைச் சில்லாக 65இல் 2,150, 80இல் 2,470. உங்கள் முன் அச்சு 4,200 இறாத்தல் என்றால் சில்லு ஒன்றுக்கு 2,100. அப்படியானால் 65 பிஎஸ்ஐ போதும், கையிருப்பும் உண்டு. பின் அச்சு 9,000 என்றால் நாலு சில்லுக்கும் ஒன்றுக்கு 2,250. இதற்கு 80இலேயே வைத்திருங்கள், குறைக்க வேண்டாம். நிறைத் துண்டு கையில் இல்லாவிட்டால் கதவோரத்தில் உள்ள அளவைத்தான் பின்பற்ற வேண்டும். ஊகித்துக் காற்றைக் குறைப்பது ரயரைச் சூடாக்கி வெடிக்க வைக்கும்.

காற்றை ஓடுவதற்கு முன் காலையில் பாருங்கள். வெப்பநிலை ஐந்தாறு பாகை செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும். மே மாதக் குளிர்க்காலையில் பார்த்ததை ஜூலையில் மறுபடி பார்க்கத்தான் வேண்டும். பின்பக்க உட்சில்லுகளை மறவாதீர்கள். வால்வுக்குக் கை எட்டாததால் ஆண்டுக்கணக்கில் பார்க்காமலே விடப்படுபவை அவைதான். உட்சில்லில் காற்று இறங்கினால் வெளிச்சில்லு இரண்டு பாரத்தையும் சுமக்கும், பின்பக்கம் மிதப்பதுபோல் இருக்கும். வால்வை எட்டப் பூட்டும் றப்பர்க் குழாய் நீட்டிப்பு கசியும். உலோகத் தண்டு வால்வு பூட்டிவிட்டால் அந்தத் தொல்லை போகும். ரயரின் வயதையும் பாருங்கள். பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தில் 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. தடம் புதிதுபோல் இருந்தாலும் ஆறேழு வயது தாண்டிய ரயரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வடக்கே போவதை நாங்கள் விரும்புவதில்லை.

அடுத்தது அடிப்பக்கம். இதற்கு இரண்டு பேர் போதும். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, பார்க்கில் போட்டு, கைப்பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்குத் தடை வையுங்கள். இயந்திரம் ஓடட்டும். ஒருவர் ஸ்ரியரிங்கை ஒரு சாண் அளவு இடமும் வலமுமாக விடாமல் அசைக்க, மற்றவர் முன்சில்லுக்கு முன்னால் ஒரு பக்கமாகக் குனிந்து விளக்கடித்துப் பார்க்க வேண்டும். வாகனத்துக்குக் கீழே போக வேண்டாம். ஸ்ரியரிங் பெட்டியிலிருந்து இறங்கும் பிற்மன் ஆம் அசையும் அதே நொடியில் அதிலிருந்து சில்லுப் பக்கம் போகும் ட்றாக் லிங்க் தண்டு அசைய வேண்டும், அதே நொடியில் சில்லும் அசைய வேண்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் பிந்துகிறதோ, அந்த மூட்டு தேய்ந்துவிட்டது. மூட்டின் தண்டு தன் குழிக்குள் மேலும் கீழுமாகத் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். கூண்டுக்குள் ஸ்ரியரிங் திரும்பியும் பிற்மன் ஆம் அசையாமல் இருந்தால், தேய்மானம் பெட்டியிலோ அதற்கு மேலுள்ள தண்டின் மூட்டிலோ. பெட்டியின் தலையில் உள்ள திருகாணியை முறுக்கினால் ஆட்டம் போகும் என்று சொல்வார்கள். அளவு தெரியாமல் முறுக்கினால் நடுவில் இறுகி, வளைவில் திரும்பிய ஸ்ரியரிங் தானாக நேருக்கு வராது, பல்லும் கெட்டுவிடும். தயவுசெய்து அதில் கை வைக்க வேண்டாம்.

இனி, எங்கள் அனுபவத்தில் அதிக பலன் தரும் வேலை: பாரத்தோடு செய்யும் அலைன்மென்ற் (சில்லுக் கோணங்களைச் சரிசெய்தல்), அதில் காஸ்ரர். கடையில் தள்ளும் வண்டிலின் முன்சில்லு, தண்டுக்குப் பின்னால் இழுபடுவதால்தான் நேராக ஓடுகிறது. காஸ்ரர் செய்வதும் அதே வேலை. சில்லு திரும்பும் அச்சு மேலே பின்னுக்குச் சாய்ந்திருக்கும் அளவுதான் காஸ்ரர். சாய்வு குறைந்தால் ஸ்ரியரிங்குக்கு நடு என்று ஒன்று இராது. கை விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். கார் கராஜில் அலைன்மென்ற் செய்தால் திரையில் பச்சை வந்ததும் முடித்துவிடுவார்கள். ஆனால் ஈ-450இன் அனுமதி எல்லை அகலமானது. அதன் கீழ்க்கோடியில் நிற்கும் வாகனமும் பச்சைதான், அலையும் வாகனமும் அதுதான். நாங்கள் இரு பக்கமும் 5 பாகை அளவுக்குக் கொண்டுவரப் பார்ப்போம். இங்கே ரோட்டின் வலப்பக்கம் தண்ணீர் வடியச் சரிந்திருப்பதால், வலப்பக்கத்தில் அரைப் பாகை வரை கூடுதலாக வைப்போம். காஸ்ரர் குறைந்த பக்கத்துக்குத்தான் வாகனம் இழுக்கும்.

ஈ-450இன் முன்பக்கம் இரட்டை ஐ-பீம் அமைப்பு, அதாவது ஒவ்வொரு முன்சில்லுக்கும் தனித்தனி உத்தரம். சில்லு திரும்பும் உருண்டை மூட்டான மேல் போல் ஜொயின்ரைச் சுற்றியுள்ள ஸ்லீவ் என்ற வளையத்தை மாற்றித்தான் காஸ்ரரும், சில்லின் பக்கவாட்டுச் சாய்வான காம்பரும் திருத்தலாம். தொழிற்சாலை ஸ்லீவ் நிரந்தரக் கோணம் கொண்டது. அதைக் கழற்றி, திருப்பி வைக்கக்கூடிய ஸ்லீவைப் போடுவோம். ஒன்ராறியோவின் குளிர்கால ரோட்டு உப்பில் பல ஆண்டு ஓடிய வாகனத்தில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும், வேலைநேரம் கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். இந்த அமைப்பில் முன்பக்க உயரம் மாறினால் காம்பரும் மாறும். வெறும் வாகனத்தில் சரியாக வைத்த கோணம், பாரம் ஏற்றியதும் பிழைத்துப்போகும். ஆகவே பயணப் பாரத்தோடு கொண்டு வாருங்கள். எங்கே செய்வித்தாலும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டு வாங்குங்கள். ரோ அளவு (இரு முன்சில்லின் முன்நுனிகளும் உள்ளேயோ வெளியேயோ நோக்கும் அளவு) ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உள்நோக்கி இருக்க வேண்டும். வெளிநோக்கி இருந்தால் காஸ்ரர் எவ்வளவு நல்லதாக இருந்தும் அலையும்.

இவ்வளவும் சரியான பிறகும் லொறி முந்தும்போது பின்பக்கம் தள்ளுப்பட்டால், பின் ட்றக் பார் பூட்டுவது நல்ல செலவு. சேசியின் ஒரு பக்கத்திலிருந்து அச்சின் மறுபக்கத்துக்குக் குறுக்கே ஓடும் தண்டு அது. ஸ்பிறிங் தகடுகளின் றப்பர் நெளிவில் உடல் பக்கவாட்டாக வழுக்குவதைத் தடுக்கும். உடற்சரிவுக்கு, அதைத் தடுக்கும் தண்டான பழைய ஸ்வே பாரின் றப்பர் புஷ்களையும் இணைப்புத் தண்டுகளையும் முதலில் மாற்றிப் பாருங்கள். றப்பர் சிதைந்த பார், சரிவின் முதல் பங்கில் வேலையே செய்யாது. போதாவிட்டால் தடித்த பின் பார். ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிந்தாலோ, பாலத்து மூட்டில் விழுந்தபின் இரண்டு மூன்று தரம் துள்ளினாலோ மாற்றுங்கள்.

பின்பக்கக் காற்றுப்பைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். அவை உயரத்தைச் சரிப்படுத்தும், அச்சின் சுமைதிறனைக் கூட்டாது. இரு பைகளையும் ஒரே குழாயில் இணைத்திருந்தால் வளைவில் அழுத்தப்படும் பையின் காற்று மறுபக்கப் பைக்கு ஓடி, சரிவைக் கூட்டும். ஒவ்வொன்றுக்கும் தனிக்குழாய் வேண்டும்.

கடைசியில்தான் ஸ்ரெபிலைசர். ஸ்பிறிங்கோடு வரும் வகை ஸ்ரியரிங்கை நடுவுக்குத் தள்ளும். முன் ரயர் வெடித்தால் வாகனத்தைப் பிடித்து நிறுத்த அது உண்மையிலேயே உதவும், அந்தக் காரணத்துக்காக வாங்குவதை மறிக்க மாட்டோம். அலைன்மென்ற் முடிந்த பிறகு, சமமான நேர்ரோட்டில் ஓடிப்பார்த்து நடுவைப் பொருத்த வேண்டும். ஒரு பக்கம் இழுக்கும் வாகனத்தில் பூட்டி இழுவையை மறைத்தால் ரயர்தான் தின்னப்படும்.

பேருந்து முகம் கொண்ட ஃபோர்ட் எஃப்-53 வைத்திருப்போருக்கு ஒரு செலவில்லாத வேலை உண்டு. அதன் ஸ்வே பார் முனைகளில் பெரும்பாலும் இரண்டு துளைகள் இருக்கும். இணைப்புத் தண்டை நுனித்துளையிலிருந்து உட்துளைக்கு மாற்றினால் நெம்பும் கை குட்டையாகி, பார் விறைப்பாக வேலை செய்யும். முன்னும் பின்னும், இரு பக்கமும் மாற்ற வேண்டும். வாகனம் சமதரையில், தன் பாரம் சில்லுகளில் இறங்கி நிற்கும்போது செய்யுங்கள். பிறேக் குழாயில் உரசவில்லை என்று ஸ்ரியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள்.

ஓடும் விதத்திலும் ஒன்று உண்டு. ஒன்ராறியோவில் பெரிய லொறிகளின் வேகம் 105 கிலோமீற்றரில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. நீங்கள் 100இல் போனால் 23 மீற்றர் லொறி ஒன்று உங்கள் 9 மீற்றர் வாகனத்தைக் கடக்க 23 விநாடி ஆகும், அவ்வளவு நேரமும் முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். வலது ஓரப் பாதையில் 90இல் போனால் எட்டு விநாடிக்குள் முடிந்துவிடும். நயாகரா போகும் வழியில் பேர்லிங்ரன் ஸ்கைவே பாலத்தில் ஏறுமுன் வேகத்தைக் குறைத்து, இரு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். ஏரிக்காற்று அங்கே பக்கவாட்டில் அடிக்கும்.

முன்பதிவு செய்து வருவோர் நிறைத் துண்டு, பழைய அலைன்மென்ற் அளவுத்தாள் இருந்தால் அது, எந்த வேகத்தில் எந்த ஆட்டம் என்று எழுதிய ஒரு குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். கழிவுத்தொட்டிகளை வெறுமையாக்கி, மற்ற எல்லாவற்றையும் பயணத்துக்கு ஏற்றியபடியே கொண்டு வரவும். ஸ்லீவ் மாற்றும் வேலைக்கு வாகனத்தை ஒரு முழு நாள் விட்டுச்செல்ல வேண்டும். சில்லு கழற்றிப் பூட்டிய எந்த வேலைக்கும் பிறகு, 100 கிலோமீற்றர் ஓடுவதற்குள் திரும்ப வந்து நட்டுகளை மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்பதிவும் வேண்டாம், காசும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கராஜ் பணியாளர்கள்
ஸ்காபரோ