வைக்கோலோடு போகும் பொட்டாஷ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மன்னார்குடி வட்டத்தில், பாமணியாற்றுப் பாசனத்தில் விவசாயம் செய்கிறேன். சம்பா அறுவடைக்குப் பிறகு எங்கள் பக்கம் உளுந்துதான் வழக்கம். போன தை மாதம் இரண்டு மா நிலத்தில் (ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு), அறுத்த தாளுக்கு இடையில் சோயா ஊன்றினேன். ஒரு மாவுக்கு, சாம்பல் சத்து தரும் பொட்டாஷ் உரம் 9 கிலோ போட்டேன். பக்கத்து மாவுக்குப் போடவில்லை. கடையில் கிடைத்ததே அவ்வளவுதான்.

மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அதற்கப்புறம் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான் பயிரைக் காப்பாற்ற வேண்டும். மாசிக் கடைசியில், பூ எடுக்கும் நேரம், களிமண் வெடித்துக் கிடந்தது. பொட்டாஷ் போடாத மாவில் உச்சி வெயிலுக்குச் செடி துவண்டு, அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகியிருந்தது. மற்ற மாவில் இலை விறைப்பாக நின்றது. காயும் அதில்தான் திரட்சியாகப் பிடித்தது.

இலையில் உள்ள நுண்துளைகள் வழியாகத்தான் செடியின் நீர் ஆவியாகிறது. அவை திறந்து மூடுவதற்குச் சாம்பல் சத்து வேண்டும். அது குறைந்தால் துளைகள் சரியாக மூடாது, இருக்கிற ஈரமும் போய்விடும். காய்ந்த மண்ணில் இந்தச் சத்து வேருக்கு நகர்ந்து வராது என்பதால், ஈரம் இருக்கும்போதே போட்டாக வேண்டும். உளுந்து தெளித்தவர்கள், பூக்கும் சமயம் டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) கரைசலோடு 1 சதவீதம் பொட்டாஷும் கரைத்து இலைவழி தெளிக்கலாம்.

எனக்கு உறுத்துவது வைக்கோல். நெல் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி அதில்தான் தங்குகிறது. முன்பு அது மாட்டுக்குப் போய், எருவாக வயலுக்கே திரும்பியது. இப்போது இயந்திரத்தில் கட்டாக உருட்டி, லாரியில் வெளியூர் போகிறது. நானும் விற்றேன். அந்தச் சத்தைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை.

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டாஷ் மூட்டை அதைப்போலப் பல மடங்கு. விவசாயி கை யூரியாவுக்குத்தானே போகும்? தை பிறக்கும் முன்பே டெல்டாவின் கூட்டுறவுச் சங்கங்களில் பொட்டாஷ் இருப்பு வைத்து, பயறு, சோயா போடுகிறவர்களுக்காவது மானிய விலையில் கொடுக்க வேளாண்மைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்