நோட்டிபிகேஷன் பகுதியை அவனிடமே கொடுத்துவிடு

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்முவுக்கு,

நேற்று நீ போன் செய்தபோது இங்கே மணி ஒன்பதரை. மெல்போர்னில் இரவு இரண்டு. "எல்லாத்தையும் நானே முடிச்சிட்டேம்மா, இனிமே கவலை இல்ல" என்றாய். குரலில் சந்தோஷம் இல்லை, களைப்புதான் இருந்தது. அந்த நேரத்தில் உன்னிடம் எதையும் சொல்ல மனம் வராமல் "சரி, போய்த் தூங்கு" என்று வைத்துவிட்டேன். காலையிலிருந்து அதே நினைப்பு. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். ஐந்து பேர் குழு. இல்லாதவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிற ஒரு தொண்டு அமைப்புக்கு, எந்தத் தன்னார்வலர் எந்த நாள் வருவது என்று முறை போட்டுக் கொடுக்கும் செயலி. இரண்டு பருவம் ஓடுகிற கேப்ஸ்டோன், அதாவது படிப்பின் கடைசியில் செய்கிற குழு பிராஜெக்ட், அக்டோபர் கடைசியில் டெமோ. உன்னையும் சேர்த்து மூன்று பேர் ஒழுங்காகக் கோடு, அதாவது நிரல், எழுதுகிறீர்கள். ஒரு பெண் கிளையண்ட்டிடம் பேசுவதும் அறிக்கை எழுதுவதும்தான், கோடு ஒரு வரிகூட இல்லை. அந்த நேபாளத்துப் பையன் நினைவூட்டல் அனுப்புகிற நோட்டிபிகேஷன் பகுதியை வாங்கிக்கொண்டு மூன்று வாரம் இழுத்தான். நீ வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்து அவன் எழுதியதை எடுத்துப் போட்டுவிட்டு, முழுவதையும் புதிதாக எழுதி, எல்லாருடைய வேலையும் சேருகிற மெயின் பிராஞ்சில் சேர்த்துவிட்டாய். அவனுக்குச் சொல்லவில்லை. இப்போது குழுவில் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் படிவம் வந்திருக்கிறது. எல்லாருக்கும் முழுசாகப் போட்டுவிடலாமா, உள்ளதைப் போடலாமா என்று கேட்டாய்.

படிவத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில், வெள்ளிக்கிழமை நீ செய்தது தப்பு அம்மு. வேலை செய்யாதவனை விட்டுவிட்டு என்னைத் திட்டுகிறாளே என்று நினைக்காதே. இதே தப்பை நான் செய்திருக்கிறேன். அதை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

1994-இல் எனக்கு எம்.சி.ஏ. கடைசி வருஷம். மூன்று பேர் கொண்ட பேட்ச். எங்கள் பிராஜெக்ட் ஒரு நூலக நிரல், பாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருளில். லேபில் கம்ப்யூட்டருக்கு வரிசை போட வேண்டும், வாரத்தில் கிடைப்பதே சில மணி நேரம். அந்த நேரத்தை யாருக்காவது சொல்லிக் கொடுத்து வீணாக்குவதா என்று எனக்குத் தோன்றியது. எல்லாம் என் ஒரே பிளாப்பியில், அதுவும் எந்நேரமும் என் கைப்பையில். என் தோழி ஒருத்தி, கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி, இரண்டு மூன்று தடவை வந்து கேட்டாள்: "நான் எந்தப் பகுதியைப் போடட்டும்?" நான் ஒவ்வொரு தடவையும் "நீ ரிப்போர்ட்டை டைப் அடித்து பைண்டிங் கொடுத்துவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவளுக்கு உதவி செய்வதாகத்தான் அப்போது நினைத்தேன்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. "எடுத்துப்போன புத்தகத்தை ஒருவர் தொலைத்துவிட்டால் உங்கள் நிரலில் என்ன பதிவாகும்?" எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இதில் நீங்கள் செய்தது எது?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் மேஜை மேலிருந்த ரிப்போர்ட்டைத் தொட்டாள். அவ்வளவுதான். எனக்கு நல்ல மதிப்பெண், அவளுக்குப் பாஸ் மார்க். வெளியே வந்து வராந்தாவில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் போகவில்லை.

போன வருஷம் புதுச்சேரியில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். முத்தியால்பேட்டையில்தான் இருக்கிறாள். பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நான் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன் என்றதும், கோபமே இல்லாமல் சொன்னாள்: "நான் கேட்டேன், நீதான் கொடுக்கல." இலையில் இருந்த பாயசம் எனக்கு இறங்கவில்லை. முப்பது வருஷமாக அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள், எனக்கோ மறந்தே போய்விட்டது.

அந்த நேபாளத்துப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய்: "அவன் அக்டோபர்ல நேரம் மாறும், நேரம் மாறும்னு அதையே சொல்லிட்டு இருந்தாம்மா." அதைச் சொல்லும்போது உனக்கு எரிச்சல். எனக்கு அந்த இடத்தில்தான் பொறி தட்டியது. அக்டோபர் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு உங்கள் ஊரில் கடிகாரத்தை மூன்றுக்குத் தள்ளி வைப்பார்கள் இல்லையா? செப்டம்பரிலேயே போட்டு வைத்த முறைக்கு, அக்டோபரில் காலை ஏழு மணிக்குப் போக வேண்டிய நினைவூட்டல் எத்தனை மணிக்குப் போகும்? நீ ஒரே இரவில் எழுதியதில், கிரீன்விச் நேரத்தோடு பத்து மணி கூட்டு என்று நேராகப் போட்டிருந்தால் அது எட்டு மணிக்குத்தான் போகும். சாப்பாட்டுக்கு வரிசையில் ஆட்கள் நிற்பார்கள், பரிமாற வேண்டியவர் வீட்டில் இருப்பார். வருஷம் முழுக்க ஒரே நேரத்தில் ஓடுகிற ஊரில் வளர்ந்த உனக்கு இது தோன்றாதது இயல்பு. அவனும் அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வந்தவன்தான், ஆனால் சூப்பர்மார்க்கெட்டில் இரவு ஷிப்ட் பார்ப்பதாகச் சொன்னாயே. கடிகாரம் மாறுகிற இரவில் வேலை பார்த்தவனுக்கு அந்த ஒரு மணி நேரம் மறக்காது. மூன்று வாரமும் அவன் அதோடுதான் மல்லுக்கட்டினானா, இல்லை உண்மையிலேயே சும்மா இருந்தானா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, நீ கேட்கவே இல்லை.

மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்று நீதான் போகும்போது சொன்னாய். உனக்கு அப்பா பணம் அனுப்புகிறார். அந்த 48 மணி நேரத்தையும் இரவில் நின்று முடித்துவிட்டு வகுப்புக்கு வருகிறவனை உன்னோடு ஒப்பிட முடியாது. அதற்காக அவனை விட்டுவிடு என்று சொல்லவில்லை. கேள், அப்புறம் முடிவு செய்.

கரைவலை இழுப்பதை நீ பார்த்ததில்லை. தேவனாம்பட்டினத்தில் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, சுனாமிக்கெல்லாம் வெகு காலம் முன்பு, உன் தாத்தாவோடு கரையில் நிற்பேன். கயிற்றின் ஒரு முனை கரையில் இருக்கும், படகு வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டே போய் மறுமுனையைக் கொண்டுவந்து தரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். ஒரு பக்கம் வேகமாகவும் ஒரு பக்கம் மெதுவாகவும் இழுத்தால் வலை கோணிக்கொள்ளும், வலையின் மடிப் பைக்கு வர வேண்டிய மீன் பக்கவாட்டில் போய்விடும். அதனால் பலசாலி முன்னே நின்று தன் இஷ்டத்துக்கு இழுக்கக் கூடாது. இழுக்கும்போது அம்பா என்ற பாட்டைப் பாடுவது சும்மா உற்சாகத்துக்கு இல்லை, எல்லார் கையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும் என்பதற்குத்தான். பின்னால் உட்கார்ந்து ஈரக் கயிற்றைச் சுருட்டுகிற கிழவருக்கும் பங்கு உண்டு.

பாடம் எடுக்க ஆரம்பித்த பிறகு ரிங்கல்மானைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் கரைதான் ஞாபகம் வந்தது. பிரெஞ்சு வேளாண்மைப் பொறியாளர் அவர், ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால், ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. ஒன்றாக இழுக்காததும் ஒரு காரணம், மற்றவர்கள் இழுக்கிறார்களே என்று கை தளர்வதும் ஒரு காரணம். 1979-இல் அமெரிக்காவில் லாட்டனே என்பவரும் கூட இருந்தவர்களும் கை தட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் சோதித்தார்கள். கூட்டத்தில் இருக்கிறோம் என்று நம்பினாலே சத்தம் குறைந்தது. தன் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் அந்தத் தளர்ச்சி போய்விடுகிறது என்பதையும் பின்னால் காட்டினார்கள். நீ செய்தது இதற்கு நேர் எதிர். அவன் கை தளர்ந்ததோ இல்லையோ, இனி அவன் இழுப்பதற்குக் கயிறே இல்லை.

"சொல்லிக் கொடுக்கிற நேரத்துல நானே எழுதிடலாம்" என்றாய். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்./360 என்ற இயக்க மென்பொருள் வேலையை நடத்திய புரூக்ஸ் 1975-லேயே இதைக் கணக்குப் போட்டு எழுதிவிட்டார். இரண்டு பேர் பேசிக்கொள்ள நடுவில் ஓர் இழை என்று வைத்தால் ஐந்து பேருக்குள் பத்து இழைகள். ஒவ்வொன்றுக்கும் நேரம் போகும். ஆனால் அந்தப் பத்து இழையைப் பழகத்தான் உங்களை இரண்டு பருவம் ஒரே குழுவில் போட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் ஆளுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்துத் தனித்தனியாக முடிக்கச் சொல்லியிருப்பார்களே.

அந்தக் கோடு எழுதாத பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக, போகும் இடங்களில் நான் ஒவ்வொருவரிடமும் கேட்பது ஒன்றுதான்: "இதில் நீங்கள் எடுத்த ஒரு முடிவைக் காட்டுங்கள், ஏன் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்." காசு கொடுத்து ரெடிமேட் பிராஜெக்ட் வாங்கி வருகிறவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். ஒருமுறை ஒரு பேட்ச் ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்து இருப்புக்கு நிரல் செய்திருந்தது. அதில் ஒரு பையன் கோடே எழுதவில்லை. மூன்று நாள் அந்த மருந்துக் கவுண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, பதிவேட்டில் எதை எதற்குப் பிறகு எழுதுகிறார்கள் என்று பார்த்திருக்கிறான். காலாவதி தேதியை வைத்துத்தான் பெட்டியை எடுக்கிறார்கள், வந்த தேதியை வைத்து இல்லை என்று கண்டுபிடித்து மற்றவர்கள் போட்டிருந்த தரவு டேபிளையே மாற்ற வைத்தவன் அவன்தான். அன்றைக்கு அதிக மதிப்பெண் அவனுக்குப் போட்டேன். யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கிட்டில் கமிட் (பதிந்த மாற்றம்) எண்ணிக்கையைப் பார்த்தால் அவன் பெயரே வந்திருக்காது. உங்கள் பெண் கிளையண்ட்டிடம் என்ன கேட்டு வந்தாள், அதனால் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று யோசித்துப் பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்பு.

இனி படிவம். எல்லாருக்கும் முழுசாகப் போடாதே. அப்படிப் போட்டால் உண்மையாக உழைத்த மற்ற இருவருக்கும் நீ பொய் சொன்னதாகும். அதே சமயம் அவன் முகத்துக்கு நேரே சொல்லாத எதையும் அதில் எழுதாதே. மூன்று வாரம் தாமதம் ஆனது என்று எழுதப் போகிறாய் என்றால், அதை முதலில் அவனிடம் சொல். நீ அவன் வேலையைக் கேட்காமல் அழித்ததையும் அதே படிவத்தில் எழுது. உங்கள் மேற்பார்வையாளருக்கு டெமோவுக்கு முந்தின நாள் தெரிவதைவிட இந்த வாரமே தெரியட்டும்.

அவன் எழுதியது கிட் வரலாற்றில் அப்படியே இருக்கும், எங்கேயும் போயிருக்காது. அதைத் தனி பிராஞ்சில் எடுத்து வை. அவனோடு ஒரு மணி நேரம் உட்கார், கீபோர்டு அவன் கையில் இருக்கட்டும். உன்னுடையதில் நல்லது இருந்தால் அவன் எடுத்துக்கொள்ளட்டும், அந்தக் கமிட்டில் இரண்டு பேர் பெயரையும் போடுங்கள். மெயினில் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டை அவன் அனுப்பட்டும், நீ ரிவ்யூ பண்ணு. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, நேரம் போதும். கேட்டும் அவன் செய்யவில்லை என்றால் அப்போது நீ எழுது, நானே உன் பக்கம் நிற்பேன். ஆனால் எல்லாருக்கும் தெரிய எழுது.

இங்கே சாயங்காலம் ஆனால் இடி இடிக்கிறது, மழைதான் கெடிலம் பக்கம் வருவேனா என்கிறது. அப்பா மாடியில் ஓட்டை பார்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறார். நீ இரண்டு மணி வரை விழித்திருப்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை உங்கள் மீட்டிங் முடிந்ததும் கூப்பிடு. எனக்கு ஒன்றரை வரை லேப், உனக்கு அப்போது மாலை ஆறு. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து நமக்கு நடுவில் ஐந்தரை மணி நேரம் ஆகிவிடும் என்று சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா