அந்த ஒன்றரை விநாடி

அன்புள்ள மூர்த்தி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லாரும் நலம். என் இடது முழங்கால் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தானே கிளட்ச் மிதிக்க வேண்டாத இந்த டீசல் ஆட்டோமேட்டிக் கார் வந்தது! “டீசலா, ஆட்டோமேட்டிக்கா, ஏதாவது ஒன்றை வாங்கு, இரண்டையும் சேர்க்காதே” என்று நீ அன்றைக்கே சொன்னாய். பாதி சரி. மீதி உன் வழக்கமான ஸ்கூட்டர் ஞானம்.

போன செவ்வாய்க்கிழமை கிளைச் சாலையிலிருந்து பெரிய சாலையைக் கடக்க நின்றிருந்தேன். தூரத்தில் ஒரு லாரி. தாராளமாகப் போய்விடலாம் என்று ஆக்சிலரேட்டரை மிதித்தேன். வண்டி ஊர்ந்தது. இன்னும் அழுத்தினேன். ஊர்ந்துகொண்டே இருந்தது. நடுச் சாலைக்கு வந்த பிறகுதான் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி பாய்ந்தது. ஒன்றரை விநாடி இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அதற்குள் 25 மீட்டர் வந்துவிடும். பக்கத்து சீட்டிலிருந்த சரசு வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனேன். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போவிலிருந்து காற்று போகும் ஹோஸில் ஒரு விரிசல். அழுத்திய காற்றில் பாதி வெளியே போய்க்கொண்டிருந்தது. அழுத்தும்போது ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம் கொஞ்ச நாளாகக் கேட்டதுதான், நான் ஏ.சி. என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதே. ஏர் ஃபில்டரையும் மாற்றி, புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் அடைந்திருந்த கரியையும் சுரண்டி எடுத்தார். வண்டி நன்றாகவே தேறிவிட்டது. ஆனால் அந்தத் தயக்கம் முழுசாகப் போகவில்லை. அரை விநாடியோ என்னவோ, மிச்சம் இருக்கிறது. “அது வியாதி இல்லை சார், சுபாவம்” என்றார்.

அப்புறம்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஒரு வாரமாக இதே யோசனை. டர்போவைச் சுழற்றுவது புகைக்குழாய்க்குப் போகும் வாயு. நிற்கும்போது இன்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்றில் முனகிக்கொண்டிருக்கிறது, வாயு கொஞ்சம்தான் வரும், டர்போ தூங்குகிறது. நான் மிதித்த உடனே டீசலைக் கொட்டினால் காற்று போதாமல் கரும்புகை கக்கும் என்று கம்ப்யூட்டரும் கையை இறுக்கிக்கொள்கிறது. 1,500, 2,000 சுற்று வந்த பிறகுதான் உண்மையான இழுவை. கிளட்சுக்குப் பதிலாக இதில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் எண்ணெய் வழியாகத்தான் விசையைச் சக்கரத்துக்கு அனுப்புகிறது, அதற்கும் ஒரு கணம் வேண்டும். சரி, நகர ஆரம்பிக்கும்போது விசையைப் பெருக்கித் தருவதும் அதுதான், அதைக் குறை சொல்ல மனமில்லை. வேடிக்கை கேள்: டர்போவுக்கு ப்யூஷி என்ற சுவிஸ் இன்ஜினியர் காப்புரிமை வாங்கியதும், இந்த எண்ணெய் விவகாரத்துக்கு ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் இன்ஜினியர் காப்புரிமை வாங்கியதும் ஒரே வருஷம், 1905. என்னை நடுச் சாலையில் நிறுத்த இரண்டு பேர் அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

என்னை உறுத்துவது வேறு, மூர்த்தி. பழைய வண்டியும் டீசல்தான், அதிலும் டர்போ இருந்தது. அதில் ஏன் இப்படி ஆகவில்லை? கிளட்சை விடுவதற்கு முன்னாலேயே என் வலது கால் ரேஸ் கொடுத்துவிடும். வண்டி நகரும்போது டர்போ பாதி விழித்திருக்கும். இருபது வருஷம் அதைச் செய்தது நான் என்றே எனக்குத் தெரியாது, வண்டிக்குப் பிக்கப் அதிகம் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். இப்போது கடைசி நொடிவரை கால் பிரேக்கில். அப்புறம் பழைய வண்டியின் கண்ணால் இடைவெளியை அளக்கிறேன். ஹோஸில் விரிசல் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த லாரி விஷயத்தில் கணக்குத் தப்பியது என்னுடையது. இதைச் சரசுவிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் பிரேக்கைக் கொஞ்சம் முன்பே தளர்த்தி, வண்டி தானாக ஊர ஆரம்பித்ததும்தான் மிதிக்கிறேன், அதுவும் படிப்படியாக. வண்டி நின்றால் இன்ஜினைத் தானாக அணைக்கும் அந்த வசதியை வண்டியை எடுத்த உடனே பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுகிறேன். சந்தேகமாக இருந்தால் அந்த லாரியை விட்டுவிடுகிறேன், அடுத்ததையும் சேர்த்து. பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்துவிட்டுப் போகட்டும்.

உன் மாப்பிள்ளையும் இதே மாதிரி வண்டி பார்க்கிறார் என்று கோபால் சொன்னான். ஓட்டிப் பார்க்கும்போது நேர் ரோட்டில் விரட்டிப் பார்க்க வேண்டாம், அதில் எல்லா வண்டியும் ராஜாதான். ஒரு மேட்டில் நிறுத்தி எடுத்துப் பார்க்கச் சொல். நீ பின் சீட்டில் உட்கார், வாயைத் திறக்காதே.

அன்புடன்,
உன் ராகவன்

பி.கு.: ஸ்கூட்டர் விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.