படிப்பகத்தின் ஆண்டறிக்கை 2025: யாரை எந்த ஊரில் இறக்குவது?

தலைவர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வழக்கமான சமாச்சாரங்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன். ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றியாச்சு, பத்திரிகை பாக்கி தீர்த்தாச்சு, ஓணத்துக்கு வைத்த விளையாட்டுப் போட்டியை மழை கெடுத்தது, வடம் இழுத்தல் மட்டும் சேற்றிலேயே நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மாதக் கூட்டங்களைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேறு வேறு தலைப்பு என்று தொடங்கி, கடைசியில் வருடம் முழுக்க ஒரே விஷயத்தைப் பேசினோம்: அகதியாக வருகிறவரை ஒரு நாடு எந்த ஊரில் குடியேற்றுகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது. காரணம் நம் வாசிப்பு மேசையிலேயே இருக்கிறது. காலையில் முதல் ஆளாக வந்து பேப்பர் விரிக்கிறவர்களில் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலிருந்து வருகிறவர்களும் உண்டு. கோழிவிளை, ஞாறான்விளை, பழவிளை, பெருமாள்புரம் என்று முகாம்கள் இருக்கிற மாவட்டம் இது. அவர்களில் பெரியவர் ஒருவருடைய தம்பி சுவிட்சர்லாந்தில் இருக்கிறார். "தம்பிக்கு பெர்ன், உங்களுக்கு இந்த ஊரு, இதை யாரு சார் முடிவு பண்ணினது?" என்று நம் பையன் ஒருவன் கேட்டுவிட்டான். "மண்டபம் முகாமில பேர் பதிஞ்சு பஸ்ஸில ஏத்தின பிறகுதான் எந்த ஊர் எண்டே தெரிஞ்சது" என்றார் அவர். அங்கே தொடங்கியதுதான்.

ஜெர்மனியில் தஞ்சம் கேட்டு வருகிறவர்களை மாநிலங்களுக்குப் பிரிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வரி வருமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, மக்கள்தொகைக்கு மூன்றில் ஒரு பங்கு. சுவிட்சர்லாந்தில் மக்கள்தொகையைப் பார்த்து மாகாணங்களுக்குப் பங்கு வைப்பார்கள், அதனால் வந்தவர் ஜெர்மன் படிக்க வேண்டுமா பிரெஞ்சு படிக்க வேண்டுமா என்பதுகூட அந்தப் பங்கீட்டில் முடிவாகிவிடும். நார்வே வேறு மாதிரி. இந்த ஆண்டு எத்தனை பேரை ஏற்பீர்கள் என்று அரசு ஒவ்வொரு நகராட்சியையும் கேட்கும், நகர்மன்றம் கூடி எண்ணிக்கையைச் சொல்லும். வந்தவருக்கு மொழி வகுப்பும் வேலைப் பயிற்சியும் உதவித்தொகையோடு கிடைக்கும், நகராட்சிக்கு ஐந்து ஆண்டுக்கு மானியம் வரும். ஆனால் அவராக வேறு ஊருக்குப் பெட்டி கட்டினால் அந்தச் சலுகைகள் போய்விடக்கூடும். வட நார்வேயின் மீன் ஆலைகளில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் நின்று வேலை பார்த்திருக்கிறார்கள் என்றதும் கடப்புறத்து உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே எட்டிப் பார்க்காத ஊர்கள் அவை. கை கொஞ்சம் தேறியதும் பலர் தெற்கே ஆஸ்லோவுக்குப் போய்விட்டார்கள்.

அமெரிக்காவில் 1980-ல் வந்த சட்டத்தின்படி, வருகிறவர்களைத் தொண்டு அமைப்புகள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, சொந்தக்காரர் இருக்கிறாரா, வாடகை எவ்வளவு, வேலை கிடைக்குமா என்று பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தன. 2018 முதல் ஒரு அமைப்பு இதற்குக் கம்ப்யூட்டரையும் பயன்படுத்தியது. தொடக்க உதவி சில மாதங்களுக்குத்தான், விமான டிக்கெட் காசும் கடன், வட்டி கிடையாது என்பதோடு சரி. பூட்டானிலிருந்து விரட்டப்பட்டு நேபாள முகாம்களில் கிடந்த நேபாளி பேசும் மக்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 2007-லிருந்து வெளிநாடுகளில் குடியேற்றினார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. ஊர் ஊராகப் பிரித்து விட்டவர்களில் பலர் கொஞ்ச காலத்திலேயே ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் போன்ற நகரங்களில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். மாமா மகள் அங்கே, கோயில் அங்கே, நம்ம அரிசி விற்கிற கடையும் அங்கே என்றால் அமைப்பு சொன்ன ஊரில் யார் இருப்பார்கள்? இந்தக் கதவையும் 2025 ஜனவரியில் கிட்டத்தட்ட மூடிவிட்டார்கள். அதற்கு முன்பும் வாசல் அகலம் ஒன்றுமில்லை. உலகத்து அகதிகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இப்படி மூன்றாம் நாட்டில் இடம் கிடைப்பதில்லை.

கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டது கனடாதான். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்து மிதந்த 155 தமிழர்களைக் கண்டு காப்பாற்றியவர் கஸ் டால்டன் என்கிற உள்ளூர் மீன்பிடிப் படகுக் கேப்டன். "கடல்ல கெடக்கவன்கிட்ட கார்டு கேக்க முடியுமா?" என்றார் நம் துணைத் தலைவர், ஒக்கிப் புயல் நேரத்தில் கரையில் நின்று தவித்தவர். கரையேறியவர்களில் பெரும்பாலோர் மாண்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும் போனார்கள்.

இதே கனடாவில்தான் ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு அகதிக் குடும்பத்தை ஏற்கலாம் என்ற முறை வந்தது, இப்படி ஐந்து பேராகக் கொடுக்கிற புது விண்ணப்பங்களை மட்டும் 2024 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். தேவாலயமோ சங்கமோகூட ஏற்கலாம். ஒரு வருடத்துக்கு வீட்டு வாடகை, சாப்பாட்டுச் செலவு, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, டாக்டரிடம் கூட்டிப்போவது, பனிக்கு எந்தக் கோட்டு வாங்குவது என்று சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஊரை எந்த ஆபீசரும் தேட வேண்டியதில்லை, ஏற்கிறவர்கள் இருக்கிற ஊர்தான் ஊர். 1979, 1980 ஆண்டுகளில் வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து வந்த சுமார் 60,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களை இப்படிச் சாதாரண ஆட்கள் ஏற்றார்கள். 1986-ல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நான்சென் பதக்கம் கனடா மக்களுக்கு என்றே கொடுக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் நில் என்கிற சின்னக் கோதுமை ஊரில் வாத்து இறைச்சிக் கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டபோது, பர்மாவின் கரேன் மக்களை 2010 வாக்கில் வரவழைக்கும் முன்பே ஊர்க்காரர்களிடம் பேசித் தயார் செய்தார்கள்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: கணக்குப் போட்டு அனுப்பலாம், ஆனால் இறங்குகிற இடத்தில் கதவைத் தட்டி "சாப்பிட்டீங்களா" என்று கேட்க ஆள் இல்லையென்றால் அவர் வேறு ஊருக்குப் போய்விடுவார், போக முடியாதவர் முடங்கிவிடுவார். நம் மாவட்டத்துக்கு இது தெரியாததல்ல. சுனாமிக்குப் பிறகு கடலைவிட்டுத் தள்ளிக் கட்டிய வீடுகளைப் பற்றிக் கடப்புறத்தில் கேட்டுப் பாருங்கள். வலையும் வள்ளமும் ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம்.

சரி, நம் கதைக்கு வருவோம். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, இங்கே குடியேற்றம் என்று சட்டப்படி எதுவும் கிடையாது. 1983-லிருந்து வந்தவர்களை மண்டபத்திலிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். 2021-ல் மாநில அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, முகாம்களில் 7,469 வீடுகள் புதிதாகக் கட்டுவதாகச் சொன்னது, மாத உதவித்தொகையும் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய் ஆனது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தது. நல்லதுதான், ஆனால் குடியுரிமை இல்லை, ஓட்டு இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பிளஸ் டூ முடித்து, பெயின்ட் வேலைக்குப் போகிற பையனுக்கும் இல்லை.

அதில் நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று ஒரு கூட்டத்தில் பேச்சு முடியப் போனது. அப்போதுதான் பொருளாளர் பீரோவிலிருந்து நம் துணைவிதிப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். உறுப்பினர் ஆக வேண்டுமென்றால் இந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதாவது நம் மேசையில் பல வருடமாகப் பேப்பர் படிக்கிறவர், ஓடு மாற்றும்போது ஏணி பிடித்தவர், நம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற முகாம் பெண், யாரும் இங்கே உறுப்பினர் ஆக முடியாது. டெல்லியை விடுங்கள், இது நாம் எழுதிய விதி.

நிர்வாகக் குழுவில் எதிர்ப்பும் வந்தது. போலீஸ் விசாரணை வரும் என்றார்கள். வக்கீலாக இருக்கும் உறுப்பினரிடம் புது வாசகத்தைக் காட்டினோம், அவர் தடையில்லை என்றார். அவர்கள் எண்ணிக்கை கூடிவிட்டால் நிர்வாகம் கைமாறிவிடும் என்று இன்னொரு பயம். இணைச் செயலாளர் பதவிக்கு ஆள் பிடிக்க வீடு வீடாக அலைகிற சங்கத்துக்கு இது கொஞ்சம் அதிகப்படியான பயம் என்பது என் அபிப்பிராயம்.

எனவே சிறப்புத் தீர்மானம்: "வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்" என்பதை எடுத்துவிட்டு "ஊராட்சி எல்லைக்குள் குடியிருப்பவர்" என்று வைப்பது. நிறைவேறினால் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்புவோம், மாலை டியூஷனையும் முகாம் பிள்ளைகளுக்குச் சேர்த்து விரிவாக்குவோம், சான்றிதழ் மனு எழுத சனிக்கிழமைகளில் இரண்டு பேர் இங்கே உட்காருவார்கள், பெயர் கொடுத்தவர்கள் பட்டியல் பலகையில் இருக்கிறது. துணைத் தலைவர் முன்மொழிந்துவிட்டார். வழிமொழிகிறவர் கையைத் தூக்கவும், அதற்கப்புறம் சாயா.